கப்பலூர் மோடமும் மேனேஜரின் பாஸ்வேர்டும்

கீச்சென்று ஒரு நீண்ட அலறல். அடுத்து, தகரக் கூரையில் மழை கொட்டுவதைப் போன்ற இரைச்சல். பிறகு அமைதி...

எண்பதுகளின் கடைசியில், ஃபோன் லைனில் கம்ப்யூட்டரைப் பேசவைத்த மோடத்தின் குரல் அது.

கப்பலூரில் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் அப்போது நான் சட்ட அலுவலர். மெட்ராஸ் கிளையிலிருந்து ஃபோன் வழியாகவே எங்கள் கம்ப்யூட்டருக்குள் வந்து ஸ்டாக் பார்ப்பார்கள். பார்க்க வருபவர்களிடமெல்லாம் அதைக் காட்டிப் பெருமைப்படுவோம்.

ஒரு திங்கட்கிழமை காலை அந்தப் பெருமை போயிற்று. கம்ப்யூட்டரின் பதிவைப் பார்த்தபோது, முந்தைய நாள் விடுமுறையில் மேனேஜரின் பாஸ்வேர்டைக் கொடுத்து யாரோ ஃபோன் வழியே நுழைந்து விலைப்பட்டியலைப் பார்த்திருந்தார்கள்.

அந்தப் பாஸ்வேர்டை அறிந்தவர்கள் இருவர். ஒருவர் மேனேஜர். மற்றவர் அதை அமைத்துக் கொடுத்த ஆபரேட்டர் சாகுல்.

"வக்கீலய்யா, இவன வேலைய விட்டுத் தூக்க லெட்டர் ரெடி பண்ணுங்க. வேற யாரு சொல்லியிருப்பா?" என்றார் மேனேஜர்.

"அண்ணே, நான் யார்கிட்டயும் சொல்லலண்ணே," என்று என்னைப் பார்த்தார் சாகுல். முகம் வெளுத்திருந்தது. அந்த மாதம்தான் அவருக்கு நிக்காஹ் பேசி முடித்திருந்தார்கள்.

"ஒருவர் சொல்லித்தான் தெரிந்திருக்க வேண்டும் என்பது நிரூபணமாகவில்லை. எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் முயன்று பார்க்கலாமா?" என்றேன்.

மேனேஜர் சிரித்தார். "தாராளமா!"

டெர்மினலில் அமர்ந்தேன். ஃபோனில் வருபவனிடமும் இயந்திரம் இதே பாஸ்வேர்டைத்தான் கேட்கும். மேனேஜரோ மதுரைக்காரர்... முதலில் மீனாட்சி என்று அடித்தேன். தவறு. அழகர்... தவறு. எத்தனை முறை தவறினாலும் இயந்திரம் சலிக்காமல் மறுபடி கேட்டது. எனக்கு அதுதான் உறுத்தியது.

ஜன்னல் வழியே மேனேஜரின் ஸ்கூட்டர் தெரிந்தது. முன்புறத்தில் பெரிதாக அவர் மகளின் பெயர். கயல்விழி.

அடித்தேன். திறந்துகொண்டது.

மேனேஜர் தலையில் கை வைத்தார். "அடக் கடவுளே... ஊருக்கே காட்டிக்கிட்டுல்ல திரிஞ்சிருக்கேன்! தம்பி சாகுலு, மனசுல வச்சுக்காதப்பா."

சாகுலுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. "அது கெடக்கட்டும் சார். இப்ப ஸ்கூட்டர்ல பேர அழிக்கவா, பாஸ்வேர்ட மாத்தவா?"

"பாப்பா பேர்ல கைய வச்ச... தொலைச்சுப்புடுவேன்! பாஸ்வேர்ட மாத்து!"

லெட்டர் எழுதப்படவில்லை. நுழைந்தவர் யார் என்பது கடைசிவரை தெரியவில்லை. ஆகவே யாரையும் குறிப்பிட மாட்டேன். ஆனால் அன்று முதல் மூன்று முறை தவறினால் லைன் துண்டிக்கப்பட்டது. மெட்ராஸிலிருந்து அழைப்பு வந்தாலும் சாகுல் அதை வைத்துவிட்டு, கிளையின் எண்ணுக்குத் தாமே திரும்பக் கூப்பிட்ட பிறகுதான் மோடத்தை இணைப்பார்.

இப்போது வங்கி ஆப்பில் மூன்று முறை தவறாக அடித்தால் என்னையே வெளியே நிறுத்திவிடுகிறது. மகன் எரிச்சல்படுவான். எனக்கோ சாகுல் வாசலில் நிற்பதுபோல் ஒரு நிம்மதி.

இன்று அவர் சொந்தமாக சர்வர்களைப் பராமரிக்கிறார். "எங்கெங்கயோ இருந்து விடாமத் தட்டிக்கிட்டே இருக்காய்ங்கண்ணே. தட்டட்டும், நம்மகிட்ட நடக்காது," என்றார் போன வாரம் பார்த்தபோது.

விடைபெற்று அவர் காரில் ஏறினார். பின்கண்ணாடி முழுக்கப் பேத்தியின் பெயர்...

நான் அதையே பார்ப்பதைக் கவனித்துவிட்டுத் தலையை வெளியே நீட்டினார்.

"சத்தியமா அது இல்லண்ணே!"