இடது கன்னத்துக்கு ஒரு போட்டோ

என் நைனா எப்போதும் என் வலது பக்கம்தான் உட்காருவார். பஸ்ஸில் அந்தப் பக்கம் இடம் கிடைக்காவிட்டால் திருத்தணி வரைக்கும் நின்றுகொண்டே வருவார். சோறு போட வந்தாலும் வலது பக்கமாகத்தான் வருவார். பேசும்போது என் தலை வகிட்டைப் பார்த்துப் பேசுவார்.

இடது கன்னத்தில் காதோரத்திலிருந்து தாடை வரைக்கும் எனக்குத் தீக்காயத் தழும்பு. மலையடிவாரத்தில் நைனா டிபன் கடை வைத்திருந்தார். ஓர் ஆடிக் கிருத்திகை நெரிசலில் யாரோ அவரை இடிக்க, அவர் கை தட்டி வடைச்சட்டி என் பக்கம் சாய்ந்தது. நான் பள்ளிக்கூடத்தில் சேராத வயது. அதற்குப் பிறகு அவர் அந்தக் கன்னத்தைப் பார்த்ததே இல்லை.

ஊர் பார்த்தது. ஊருக்கு என்ன கூச்சம்? "பொண்ணு லட்சணமாத்தான் கீது, ஆனா..." என்று இழுப்பார்கள். என்னிடம் வாய் கொடுத்தவர்கள் வாங்கிக் கட்டிக்கொண்டுதான் போனார்கள், அதனால் அது பெரிய கவலையாக இல்லை. நைனா என்னை நேருக்கு நேர் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. தழும்பைச் சரிசெய்ய நான் அலைந்தது அதற்காக. கல்யாணத்துக்காக என்று வீட்டில் நினைத்துக்கொண்டார்கள். நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருஷம் இருக்கும். நான் ஒரு நர்சரி பள்ளியில் டீச்சராக இருந்தேன். சென்னையில் ஒரு டாக்டர் இருக்கிறார், நம் போட்டோவைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஆபரேஷனுக்குப் பிறகு முகம் எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே காட்டுவார் என்று கேள்விப்பட்டு, எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன் போட்டேன். முதலில் போட்டோ அனுப்பச் சொன்னார்கள். பவுடர் கூடாது. முடியை இழுத்துக் கட்ட வேண்டும். கம்மல், செயின் கழற்ற வேண்டும். சிரிக்கவே கூடாது. பின்னால் வெறும் வெள்ளை, வெளிச்சம் முகத்துக்கு நேரே. முன்பக்கம் ஒன்று, இரண்டு கன்னத்துக்கும் ஒவ்வொன்று. பெண் பார்க்கும் போட்டோவுக்கு என்னென்ன செய்வோமோ அத்தனையும் தலைகீழ்.

பஜார் ஸ்டுடியோக்காரருக்கு இதை விளக்குவதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது. "தலைய இப்டிக்கா சாச்சுக்கோ மா, அந்தப் பக்கம் தெரியாம எடுத்துடறேன்" என்றார். "அந்தப் பக்கம் தெரியறதுக்குத்தான் வந்திருக்கேன்" என்று கத்தினேன். தலையை ஆட்டிக்கொண்டே எடுத்தார். படம் கைக்கு வந்தபோது, என் இடது கன்னம் கழுவிக் கவிழ்த்த எவர்சில்வர் தட்டு மாதிரி இருந்தது. மனுஷன் நெகட்டிவில் பென்சில் வைத்துத் தழும்பை மூடியிருக்கிறார். சண்டைக்குப் போனேன்.

"தெனம் உங்க நைனா கடைல டீ குடிக்கறவன் மா நானு. அவரு பொண்ணு மூஞ்சில கோடு போட்டுக் குடுக்க மனசு வர்ல" என்றார். அதற்கு மேல் என்ன சண்டை போடுவது?

அந்தப் போட்டோவை நைனா வாங்கிப் பார்த்தார். கல்லாவில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டே இருந்தார். ஆள் வந்து இட்லி கேட்டதுகூட அவருக்குக் காதில் விழவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காகிதத்தை இப்படிப் பார்க்கத் தெரிகிறதே, எதிரில் நிற்கிறேனே நான், என்னைப் பார்க்கத் தெரியவில்லையே!

பள்ளியில் ஒரு டீச்சரின் வீட்டுக்காரர் வெளிநாட்டிலிருந்து டிஜிட்டல் கேமரா கொண்டுவந்திருந்தார். இரவல் வாங்கினேன். அம்மா ஆர்.கே.பேட்டைக்குத் தன் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். கடை மூடிவிட்டு வந்த நைனாவைத் தவிர எடுக்க ஆளில்லை. புழக்கடைக் கதவைத் திறந்தால் சாயங்கால வெயில் உள்ளே வரும். அதற்கு எதிர்ச் சுவரில் அவருடைய வெள்ளை வேட்டியைக் கட்டி, முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். கேமராவின் முதுகில் குட்டித் திரை. எந்தப் பொத்தானை அமுக்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்தேன்.

நேராக ஒன்று எடுத்தார். வலது பக்கம் ஒன்று எடுத்தார். பிறகு இடது கன்னம் அவருக்குத் தெரியும்படி நான் திரும்பிக்கொண்டேன். எதிரே பக்கவாட்டுச் சுவரில் மாதக் காலண்டர். அதையே பார்த்துக்கொண்டு, சிரிக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு க்ளிக், இன்னொரு க்ளிக்.

"ஆடாத மா" என்றார்.

"நான் எங்க ஆடறேன்? நீதான் ஆடிகினு கீற."

கொதிக்கிற சட்டியைத் துணியில்லாமல் இறக்கி வைக்கிற கை அவருடையது. இப்போது கேமராவின் வார் அவர் சட்டைப் பொத்தானில் தட்டித் தட்டிச் சத்தம் கேட்டது. அவர் கிட்டே வந்தார். என் இடது பக்கம். மூச்சு என் கன்னத்தில் பட்டது.

"இன்னும் எரியுதா மா?"

இத்தனை வருஷத்தில் அந்தத் தழும்பைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த ஒரே கேள்வி. நானோ, கதவு வழியாக வந்த வெயில் காலண்டரின் மேல் நுனிக்கு ஏறிவிட்டதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வெளிச்சம் போவுது நைனா, சீக்கிரம் எடு" என்றேன்.

"ஆங்" என்று பின்னால் போனார். இன்னும் சில க்ளிக்.

இடது கன்னப் படம் ஒன்றுகூடத் தெளிவாக இல்லை. எல்லாமே கலங்கல். மறுநாள் மறுபடி எடுக்கலாம் என்றேன். கடையில் வேலை என்றார். அடுத்த நாளும் வேலை. மூன்றாம் முறை கேட்டபோது சட்டையை மாட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டார். பிறகு மழை பிடித்துக்கொண்டது, கேமராவையும் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த டாக்டரும் வெளிநாடு போய்விட்டாராம். ஆபரேஷன் பேச்சு அத்தோடு நின்றது. நைனா பழையபடி என் வலது பக்கம் வந்து உட்கார்ந்தார், போய்ச் சேருகிற வரைக்கும்.

இப்போது என் செல்போனிலேயே கேமரா இருக்கிறது. போன வாரம் கையை நீட்டி நானே இடது கன்னத்தை எடுத்தேன். முடியை இழுத்துக் கட்டி, கம்மலைக் கழற்றி, வெள்ளைச் சுவருக்கு முன்னால். அந்த டாக்டர் கேட்டாரே, அச்சு அசலாக அப்படியே வந்திருக்கிறது. ஒரு கோடு விடாமல் தெரிகிறது.

அந்தச் சாயங்காலம் அவர் என்னை நேராகத்தான் பார்த்திருக்கிறார். திரையில் பார்த்தார், கிட்டே வந்தும் பார்த்தார். நான்தான் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பியிருக்கலாம். எரியலை நைனா, எப்பவோ ஆறிப்போச்சு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதைச் சொல்கிற அளவுக்கு வெளிச்சம் இருந்தது.