பதினேழு வளைவு ஏறிய சுருதி

எனக்கு எந்தக் குழலையும் ஊதத் தெரியாது. பிறந்தநாள் பலூன் ஊதினாலே மூச்சு வாங்கும். ஆனாலும் ஐம்பத்திரண்டு வயதில், மூன்று மாதம் வீடியோ பார்த்த தைரியத்தில், போடியின் ஒரு பேண்டு செட்டை முன்னால் நின்று நடத்தித் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டேன்.

காலை 6.00, போடி ஜீப் ஸ்டாண்டு. டீ பன்னிரண்டு ரூபாய். செட்டின் தலைவர் ஆரோக்கியம் கிளாரினெட் வாசிப்பவர். பகலில் ஏலக்காய்க் கடையில் தரம் பிரிப்பார். கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஒரே சினிமாப் பாட்டை ஊதிச் சலித்தவர். அன்று மலைமேல் ஓர் எஸ்டேட் தேவாலயத்தில் பரீட்சை. நூறு வருடப் பழைய பட்டாளப் பேண்டு இசை, மூன்று பகுதி. கமிட்டிக்குப் பிடித்தால் திருவிழா ஒன்பது நாளும் இவர்கள்தான். இல்லையென்றால் கேரளத்துச் சிங்காரி மேளம்.

சுருதி சேர்த்து, அது நகராதிருக்க, பித்தளைக் கருவிகளில் சுருதிக்காக இழுத்துத் தள்ளும் குழாய்களில் நானே இன்சுலேஷன் டேப் சுற்றினேன்.

"யாரும் தொடக் கூடாது."

"தொடல சார்," என்றார் ஆரோக்கியம், டேப்பைச் சந்தேகமாகப் பார்த்தபடி.

போடிமெட்டுக்கு 26 கிலோமீட்டர், பதினேழு வளைவு. கீழே வேர்வை, ஒன்பதாம் வளைவில் மப்ளர். கருவிகள் ஜீப்பின் கூரையில், பனிக்காற்றில்.

8.10, தேவாலய வாசல். கையை உயர்த்தினேன். வந்தது இசையல்ல, லாரி பிரேக். குளிரில் பித்தளை எல்லாம் சுருதி இறங்கிவிட்டது. மரத்தாலான கிளாரினெட் மட்டும் அவ்வளவாக இறங்கவில்லை. டேப்பை உரித்தால் பிசின், குழாய் அசையவில்லை. கமிட்டிச் செயலாளர் போனை எடுத்து மேளக்காரர் நம்பரைத் தேட ஆரம்பித்தார்.

"பத்து நிமிசம் குடுங்கண்ணே," என்றார் ஆரோக்கியம். திரும்பி ஆட்களிடம் கத்தினார்: "எல்லாத்தையும் ஸ்டோருக்குக் கொண்டா! வெரசா!"

ஸ்டோர் என்பது எஸ்டேட்டில் ஏலக்காய் உலர்த்தும் அறை. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பச்சைக் காய்த் தட்டுகளுக்கு நடுவே டிரம்பெட்டும் யூஃபோனியம் என்ற பெருங்குழலும் படுத்து அனல் காய்ந்தன. ஆரோக்கியம் வாய்க்குள் எண்ணிக்கொண்டே நின்றார். நான் கொண்டுவந்திருந்த இசைப் புத்தகத்தில் இதற்கு ஏதாவது இருக்கிறதா என்று புரட்டினேன். இல்லை.

8.25. கருவிகளைத் துண்டில் சுற்றி ஓடிவந்தார்கள். ஆறுவதற்குள் மூன்று பகுதியும் முடிய வேண்டும். இரண்டாம் பகுதியில் எங்கே கை காட்ட வேண்டும் என்பதை மறந்தேன்; பெரிய டிரம்காரர் தானே தட்டி எல்லோரையும் இழுத்துப் போனார். கடைசி ஸ்வரம் நின்றபோது வாசலில் ஏலக்காய் மணத்தது. செயலாளர் போனைச் சட்டைப்பைக்குள் போட்டார்.

"ஒன்பது நாளும் வந்துருங்க."

ஆரோக்கியம் கிளாரினெட்டைக் கட்டிக்கொண்டு அழுதார். நான் வெகு அடக்கமாக, யாராவது பாராட்ட வரட்டும் என்று ஜீப்புக்குப் பக்கத்தில் நின்றேன். எஸ்டேட்டில் காய் எடுக்கும் ஒரு பெண் வந்தார், யூஃபோனியம்காரரின் மனைவியாம்.

"பாட்டு நல்லா கேட்டுச்சு சார். எங்க வீட்டுக்காரரு ஊதுறதப் பாக்கத்தான் சோலியப் போட்டுட்டு வந்தேன். முழுக்க நீங்க குறுக்க நின்னு மறைச்சுட்டீங்க."