தூரத்திலிருந்து சொல்லிக் கொடுத்த வேலைகள்

நான் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனபோது என் மகளுக்குப் பதினொரு வயது. திருவொற்றியூரில், கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் சாலையை ஒட்டிய சந்தில் எங்கள் வீடு. கணவர் அந்த லாரிகளில் ஒன்றை ஓட்டினார். துறைமுகத்தில் சரக்கேற்றிக் கிளம்பினால் திரும்பிவர இரண்டு மூன்று நாளாகும். அந்த நாட்களில் எதிர்வீட்டு அக்கா இரவுத் துணைக்கு வந்து படுத்துக்கொள்வார். பகலில் மகள் தனியாகத்தான் இருந்தாள். அதனால் அவளுக்கு எல்லா வேலையையும் நான் போனில் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது.

முதலில் சோறு. எண்ணெய் டின்னில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு அவள் கேட்டாள்:

"ம்மா, தண்ணி எவ்ளோ ஊத்தணும்?"

"அரிசி மேல வெரல வெய். ரெண்டாவது கோடு வர்ற வரிக்கும் ஊத்து."

"என் வெரலா, உன் வெரலா?"

"உன் வெரல்தாண்டி. என் வெரல் இங்க கீது."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அன்றைக்குச் சோறு குழைந்துவிட்டது. குழைந்ததையே சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள்.

அப்புறம் கஞ்சி, பாத்திரம், துணி, நெத்திலி ஆய்வது, கேஸை மூடுவது. நான் வேலை செய்த வீட்டுப் பிள்ளைகள் குடித்த டம்ளரை வைத்த இடத்திலேயே விட்டுப் போவார்கள். அதைக் கழுவிக்கொண்டே, என் பிள்ளைக்குக் கழுவச் சொல்லிக் கொடுப்பேன்.

ஒருநாள், துவைத்ததை மொட்டை மாடியில் காயப்போடச் சொன்னேன். "இன்னிக்கு எண்ணூர் பக்கத்துக் காத்தும்மா. அங்க எறக்குற நெலக்கரித் தூள் வந்து எல்லாம் கலீஜாயிடும்" என்றாள். அதை நான் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு அவள் கேள்விகள் குறைந்தன. போனை எடுத்தால் "சாப்ட்டியா?", "சாப்ட்டேன்" என்பதோடு பேச்சு நின்றுபோகும். இன்னும் ஏதாவது கேட்பாளா என்று போனைக் காதிலேயே வைத்திருப்பேன்.

நான்கு வருடம் கழித்து, இனி போவதில்லை என்று முடிவுசெய்து ஊர் திரும்பினேன். மறுநாள் காலை அடுப்படிக்குப் போனால் உப்பு ஜாடி எங்கே என்று தெரியவில்லை. அலமாரியைத் துழாவிக்கொண்டிருந்தேன். என் உயரத்துக்கு வளர்ந்திருந்த மகள் பின்னால் வந்து நின்றாள்.

"நீ போய் உக்காரும்மா. நான் பாத்துக்கிறேன்."

உட்கார்ந்தேன். டீ கொண்டுவந்து கொடுத்தாள், விருந்தாளிக்குக் கொடுப்பதுபோல. அவள் தானே பின்னிக்கொண்ட சடை நேராக இருந்தது. குவைத்தில் ஒவ்வொரு ராத்திரியும் நான் நினைத்துக்கொண்டிருந்த வீடு இதுதான். அதில் எனக்கு ஒரு வேலையும் இல்லை.

அன்று சாயங்காலம் எதிர்வீட்டு அக்கா வந்தார். "போன மழைக்கு, உன் வூட்டுக்காரரு லோடு போயிருந்தப்ப, இதுக்கு இன்னா ஜொரம் தெரிமா? உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிக்கிச்சு" என்றார்.

அவர் போனதும் மகளைக் கேட்டேன். "ஏன்டி சொல்லல?"

"சொன்னா இன்னா பண்ணுவ? அங்கேர்ந்து வருவியா?" கோபமாகச் சொல்லவில்லை. துணி மடித்துக்கொண்டே சொன்னாள். "நீதானே கஞ்சி வெக்க சொல்லிக் குடுத்த. வெச்சிக் குட்ச்சேன்."

எழுந்து வாசலுக்குப் போய் நின்றுகொண்டேன். சாலையில் லாரிகள் நகராமல் நின்றன. என் பிள்ளை காய்ச்சலோடு அடுப்புக்கு முன்னால் நின்ற நேரத்தில் நான் யாருடைய கஞ்சியைக் காய்ச்சிக்கொண்டிருந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை.

சில நாள் அப்படியே போனது. அவள் பள்ளிக்கூடம் போனதும் நான் சுத்தமாக இருந்த தரையை மறுபடி துடைப்பேன். மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடிப்பேன். ஒருநாள் சாப்பாடு முடிந்து அவள் எழுந்தபோது, "தட்ட வெச்சிட்டுப் போடி. நான் கழுவுறேன்" என்றேன். கெஞ்சியதுபோலத்தான் இருந்திருக்கும்.



"செரி, ராத்திரிப் பாத்திரம் மட்டும் நீ. சோறு நான்தான். நீ வெச்சா நைனாக்கு உப்பு பத்தாது."

தட்டை என் கையில் கொடுத்துவிட்டுப் படிக்க உட்கார்ந்தாள். நான் குழாயடியில் குந்திக்கொண்டு, அவசரமே இல்லாமல் தேய்க்க ஆரம்பித்தேன்.