தம்பி வீட்டுக்குப் போட்ட கையெழுத்து

நான் பள்ளி ஆசிரியை. பெங்களூரு நீலசந்திராவில் வாடகை வீட்டில் இருக்கிறோம். தம்பி ஃபிளாட் வாங்கியபோது அவன் சம்பளத்துக்கு மட்டும் வங்கியில் கடன் கிடைக்கவில்லை.

"சும்மா ஒரு கையெழுத்துதான்க்கா. தவணையெல்லாம் நானே கட்டிடுவேன்" என்றான். நானும் கடன்தாரராகச் சேர்ந்து கையெழுத்துப் போட்டேன். சொன்னபடியே ஒழுங்காகக் கட்டி வருகிறான்.

போன வருடம் பிரேசர் டவுனில் சிறிய வீடு ஒன்று விலைக்கு வந்தது. சமையலறை ஜன்னலுக்கு வெளியே மாமரம். கட்டிலை எங்கே போடலாம் என்று என் கணவர் அன்றைக்கே அளந்து பார்த்தார். ஆனால் வங்கி அதிகாரி, "உங்க பேர்ல ஏற்கெனவே ஒரு வீட்டுக் கடன் ஓடுதே மேடம். இவ்வளவு தொகை தர முடியாது" என்றார்.

தம்பியிடம் கேட்டேன். "உன் பேரை எடுக்க பேங்க்ல ஒத்துக்க மாட்டேங்கறாங்கக்கா" என்றான். அவனைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. அந்த வீட்டை வேறு யாரோ வாங்கிக்கொண்டார்கள்.

சமீபத்தில் நாத்தனார் மகனும் இதேபோல் கையெழுத்துக் கேட்டு வந்தான். "நான் கையெழுத்துப் போட்டா அப்புறம் எங்களுக்கு எவ்வளவு கடன் கிடைக்கும்னு பேங்க்ல கேட்டுட்டுச் சொல்றேன்பா" என்றேன். அவன் முகம் வாடியது. இப்போதெல்லாம் யாராக இருந்தாலும் என் பதில் இதுதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் கணவரும் இன்னும் வீடு பார்க்கப் போகிறோம். வாங்க முடியாது என்று தெரிந்தும், எல்லா அறைகளையும் நின்று பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறோம்.