மெட்ராசுக்குப் போவதற்காக ஒரு கருத்தரங்கு

கோயம்புத்தூரை விட்டு ஓடிவிட வேண்டும் என்பதற்காகத்தான், பிழைக்க வந்தவர்கள் கோயம்புத்தூரோடு எப்படி ஒட்டிக்கொள்கிறார்கள் என்று ஒரு கருத்தரங்கு நடத்தினேன். இப்போது சொன்னால் விளையாட்டாக இருக்கிறது. அன்றைக்கு அது எனக்கு ராஜதந்திரமாகத் தெரிந்தது.

அறுபதுகளின் தொடக்கம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே ஒரு கல்லூரியில் பொருளாதாரம் நடத்திக்கொண்டிருந்தேன். வந்து ஏழெட்டு வருடம் ஓடிவிட்டது. ஆனாலும் யாராவது கேட்டால், "இப்போதைக்கு இங்க இருக்கேன்" என்றுதான் சொல்வேன். மார்கழி பிறந்தால் கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு, குளிரைத் திட்டியபடியே வகுப்புக்குப் போவேன். லீவு விட்ட அன்றே போத்தனூரில் வண்டி ஏறிவிடுவேன். குடிவந்தபோது சாமான் கட்டிக்கொண்டு வந்த மரப்பெட்டிகளில் இரண்டைப் பிரிக்கவே விடவில்லை. எப்படியும் கிளம்பத்தானே போகிறோம், மறுபடி யார் கட்டுவது என்பது என் கட்சி.

என் மனைவியும் எங்கள் ஊர்ப்பக்கம்தான். ஆனால் அவள் தெருப்பெண்களோடு காரமடைத் தேருக்குப் போய்வருவாள். அவர்கள் வீட்டு விசேஷங்களில் இவள்தான் முன்னால் நிற்பாள். அவள் பேச்சில் 'ங்க' வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. "ஏளா, நம்ம ஊருப் பேச்சுப் பேசு" என்று அதட்டினால், "சரிங்க" என்பாள். இந்த ஊர் அரிசிபருப்புச் சாதம் வைத்தால் நான் தட்டைத் தள்ளிவிட்டு, நம்ம ஊர்ச் சொதிக்குழம்பு எங்கே என்பேன். அவள் எங்கே வைத்தாலும் ஒட்டிக்கொள்கிற ரகம், நான் கொள்கைப் பிடிப்புள்ள ரகம் என்று எனக்குள் ஒரு பெருமை வேறு.

அந்த வருடம் மெட்ராசில், பல்கலைக்கழகத்தில், என் பாடத்துக்கு ஓர் இடம் காலியாயிற்று. அந்தத் துறையின் பேராசிரியர் கைகாட்டுகிற ஆளுக்குத்தான் அது கிடைக்கும். அவருக்கோ பிழைக்க வந்தவர்களைப் பற்றிய ஆராய்ச்சி என்றால் உயிர். கல்லூரிகள் அதைப் பற்றிக் கருத்தரங்கு நடத்தினால் பல்கலைக்கழகமே பணம் தரும், அவரே வந்து தலைமை தாங்குவார் என்று ஏற்பாடு. நிபந்தனை ஒன்றுதான்: பிழைக்க வந்த ஒருவராவது மேடையேறித் தன் வாயால் பேச வேண்டும். நான் விழுந்தடித்துக்கொண்டு விண்ணப்பம் போட்டேன். மனைவியிடம் விஷயத்தைச் சொன்னபோது அவள் ஒன்றும் பேசவில்லை. சந்தோஷத்தில் வாயடைத்துப்போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் பிரின்சிபாலுக்குத் தலைப்பைப் பற்றி ஒரே ஒரு சந்தேகம்தான் இருந்தது.

"ஏனுங்க, இந்தப் பணத்துல ஹாலுக்கு ஃபேன் போட்டுக்கலாமுங்களா?"

வந்தவர்களுக்கு வியர்த்தால் சிந்தனை ஓடாது என்று நான் ஒரு நியாயம் எழுதிக் கொடுத்தேன். பணம் வந்தது. ஃபேன் வந்தது. மைக்செட்காரர் வந்து வாடகை பேசிவிட்டுப் போனார். டிபன் கமிட்டியில் சேர ஆசிரியர்களுக்குள் அடிதடி. பிழைக்க வந்தவர்கள் மட்டும்தான் பாக்கி.

தேடிக்கொண்டு கிளம்பினேன். அன்னூர்ப் பக்கம் வீட்டில் தெலுங்கு பேசுகிற பெரிய விவசாயி ஒருவர் இளநீர் வெட்டிக் கொடுத்து, நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "நாங்க எப்ப வந்தோமுன்னு எங்களுக்கே ஞாபகமில்லீங்க தம்பி. நீங்க எப்ப வந்தீங்க?" என்றார். பழைய கடைவீதியில் அத்தர் விற்கும் பாய், பாட்டன் காலத்துக் கடையில் உட்கார்ந்துகொண்டு, "நாங்க எங்கீங்க வந்தோம்? வந்தவங்கதான் நம்மகிட்ட அத்தர் வாங்கிட்டுப் போறாங்க" என்று என் கைக்குட்டையில் கொஞ்சம் தடவி அனுப்பினார். போத்தனூர் டீக்கடைக்காரர் பாலக்காட்டுக்காரர். அடுத்த ஓணத்தோடு ஊருக்குப் போய்விடப் போவதால் தான் வந்ததாகவே கணக்கில்லை என்றார். அதை அவர் பல ஓணமாகச் சொல்லிக்கொண்டிருப்பதாகப் பக்கத்து பெஞ்சுக்காரர் எனக்குச் சொன்னார்.

ராமநாதபுரம் ஜில்லாவிலிருந்து வந்த மில் தொழிலாளி ஒருவர் மட்டும் விளையாடவில்லை. "மேடையேறி நான் வெளியூர்க்காரன்னு சொல்லிட்டு வந்துருவேன் சார். நாளைக்கு மில்லுல ஆள் குறைச்சா, மொதல்ல என்னையத்தானே பார்ப்பாக?" என்றார். நான் வற்புறுத்தாமல் திரும்பிவிட்டேன்.

மார்கழிக் குளிரோடு கருத்தரங்குக்கும் நாள் நெருங்கிவிட்டது. பேச ஆள் இல்லை. கட்டுரையாவது படிக்க வேண்டுமே என்று உட்கார்ந்து, "தென்மாவட்டத்திலிருந்து வந்த, படித்த, பெயர் சொல்ல விரும்பாத ஒருவர்" என்று ஆரம்பித்தேன். பேனா நிற்கவே இல்லை. அந்த மனிதர் இந்த ஊர்ச் சாப்பாட்டைத் தொடமாட்டார், இந்த ஊர்ப் பேச்சைக் கிண்டல் செய்வார், மப்ளரைச் சுற்றிக்கொண்டு இந்த ஊர்க் குளிரைத் திட்டுவார், லீவு விட்டால் ரயிலேறிவிடுவார், பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருப்பார். கொஞ்சம் நக்கலாகவே எழுதினேன். யாரைப் பற்றி எழுதுகிறேன் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் மூன்றாம் மனிதராக்கிவிட்டால் வேறு யாருக்கும் தெரியாது என்று நம்பினேன்.

ஹாலில் புது ஃபேன்கள் சுற்றிய வேகத்தில் என் காகிதங்களைப் பிடித்துக்கொண்டுதான் படிக்க வேண்டியிருந்தது. சக ஆசிரியர்கள் வேட்டி நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். நம் எழுத்தில் நகைச்சுவை இவ்வளவு நன்றாக வருகிறதே என்று நான் இன்னும் உற்சாகமாகப் படித்தேன்.

பேராசிரியர் சொக்கிப்போய்விட்டார். "பிரமாதமான ஆளைப் பிடிச்சிருக்கீங்க. நாளைக்கு அவரையே மேடையேத்திடுங்க. நிபந்தனையும் நிறைவேறிடும்" என்றார். "ஆகட்டும் சார்" என்று சொல்லிவிட்டேன். வேறென்ன சொல்வது?

அன்று மாலை அவருக்கு எங்கள் வீட்டில் சாப்பாடு. நான் சொன்ன விருந்துச் சமையலையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளாமல் மனைவி அரிசிபருப்புச் சாதம் வைத்து நெய்யை ஊற்றினாள். பேராசிரியர் மறுபடி வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிட்டுக்கொண்டே அவளிடம் அந்தப் பெயர் சொல்லாத மனிதரின் கதையை ஒன்றுவிடாமல் சொன்னார். நான் தட்டிலிருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். "நாளைக்கு அவரை நேர்ல பார்க்கணும்மா, அதுக்குத்தான் காத்துட்டிருக்கேன்" என்று அவர் முடித்தார்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "நாளைக்கு வரைக்கும் எதுக்குங்க காத்திருக்கோணும்? உங்க பக்கத்துலதானுங்க உக்காந்து சாப்பிட்டுட்டு இருக்காரு."

பேராசிரியர் என்னைப் பார்த்தார். என் மப்ளரைப் பார்த்தார். மூலையில் கயிறு அவிழ்க்காத பெட்டிகளைப் பார்த்தார். அவருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. அவள்தான் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

மறுநாள் பிழைக்க வந்தவனாக நானே மேடையேறிப் பேசினேன். கைதட்டல் பலமாக இருந்தது. மெட்ராசுக்கு வண்டியேறும்போது பேராசிரியர் என் தோளைத் தட்டி, "மூணு வருஷ ஆராய்ச்சிக்கு உங்களுக்குப் பணம் தரச் சொல்லப்போறேன். நீங்க இங்கேயே இருந்து பண்ணணும்" என்றார்.

"மெட்ராஸ் வேலை சார்?"

"அதுக்கு ஆயிரம் பேர் வருவாங்க. இந்த வேலைக்கு உங்களை விட்டா யாரு?"

வீட்டுக்கு வந்து கத்தினேன். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "என் மெட்ராசைக் கெடுத்துட்டியேளா! உன் வாய் ஏன் சும்மா இருக்க மாட்டேங்கு?"

அவள் முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். "தெரிஞ்சுதானுங்க சொன்னேன்" என்றாள்.

அவள் முறத்தை ஓரமாக வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"வந்த புதுசுல நான் வாயைத் தொறந்தாப் போதும், குழாயடியில எல்லாரும் சிரிப்பாங்க. அதனால அவங்கெல்லாம் போனதுக்கப்பறம், உச்சி வெயில்லதான் கொடத்தை எடுத்துட்டுப் போவேன். அப்பத் தண்ணி சொட்டுச் சொட்டாத்தான் வரும். ஒரு வருசம் அப்படித்தானுங்க. அன்னூரு வரைக்கும் போயி ஆளு தேடினீங்களே, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? இன்னொரு ஊருக்குப் போயி மறுபடியும் அப்படி நிக்க என்னால ஆகாதுங்க."

சொல்லிவிட்டு முறத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. அவள் அப்படிப் பிடித்து வந்த தண்ணீரைத்தான், சிறுவாணியாவது மண்ணாவது, எங்கள் தாமிரபரணிக்கு ஈடாகுமா என்று அந்த முதல் வருடம் முழுக்கக் குறை சொல்லிச் சொல்லிக் குடித்துக்கொண்டிருந்தேன்.