கன்னத்தில் போட்டால் கேமரா கத்தும்

கம்பெனி வண்டி ஓட்டுகிறவனுக்கு எஜமானர்கள் ஏராளம். போதாக்குறைக்கு இப்போது கண்ணாடி ஓரத்தில், டிரைவர் முகத்தையே பார்த்தபடி ஒரு ஏ.ஐ. கேமரா. செங்கல்பட்டிலிருந்து சிறுசேரிக்கு ஐ.டி. ஆட்களை ஏற்றிப்போனவன் நான். ஸ்டியரிங் பிடித்த உங்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும்.

பெருமாளோடு போன்

சிங்கப்பெருமாள் கோயிலைத் தாண்டும்போது கன்னத்தில் போட்டுக்கொள்வது என் வழக்கம். கேமரா மாட்டிய முதல் நாளே, "ஓட்டும்போது போன் பேசாதீர்கள்" என்று கத்தியது. காதுப்பக்கம் கை போனால் அதற்குப் போன்தான். ஒவ்வொரு கும்பிடுக்கும் என் பேரில் ஒரு சிவப்புப் புள்ளி. புள்ளி கூடினால் டிரிப் கிடையாது. இன்சார்ஜ் குமரன் கூப்பிட்டுச் சொன்னார்:

"சாமிய மனசுல கும்புடு அண்ணாத்த, கையால கும்புடாத."

பாயின் சிரிப்பு

எங்கள் கம்பெனி டிரைவர் கோவளம் காதர் பாய்க்குப் பிறவியிலேயே சின்னக் கண். சிரித்தால் மூடியே போகும். தூங்குகிறார் என்று கேமரா அலறும். எங்களிலேயே கலகலப்பான மனிதர், கொஞ்ச நாளில் வாயே திறப்பதில்லை. ஏன் பாய் என்றேன்.

"சிரிச்சா தூங்குறேன்னு போட்டுக் குடுக்குது. இன்னாத்துக்கு பேஜாரு? மூஞ்ச உர்ருன்னு வெச்சிகினு ஓட்டறேன்."

பின்சீட்டில் ரேவதி

ரேவதி என் வண்டியில் தினமும் வரும் பெண். ஆபீசில் பில் சரிபார்க்கும் வேலை. அன்று சாயங்காலம் மேஜையில் வைத்திருந்த செடித்தொட்டியோடு ஏறினாள். கேளம்பாக்கம் தாண்டியதும் விசும்பல் கேட்டது. அவள் வேலையை இனி மிஷினே பார்த்துக்கொள்ளுமாம்.

திரும்பிப் பார்த்தேன். "சாலையைப் பாருங்கள்" என்றது கேமரா. மனசு கேட்கவில்லை, மறுபடி திரும்பினேன். மறுபடி கத்தல். அவள் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"நீங்க ரோட்டப் பாருங்கண்ணா. உங்க வேலையாவது நெலைக்கட்டும்."

இன்சார்ஜ் அறை

நிலைக்கவில்லை. மறுநாள் காலை என் போனில் டிரிப்பே வரவில்லை. குமரனிடம் ஓடினேன். அந்தப் பெண் அழுதது, நான் திரும்பியது, எல்லாம் சொன்னேன். வீடியோவைப் போட்டுக் காட்டினார். அதில் ரேவதி இல்லை, அழுகையும் கேட்கவில்லை. சும்மா சும்மா கழுத்தைத் திருப்பும் நான் மட்டும்தான். குமரன் நல்ல மனிதர். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"எனக்குப் புரியுது அண்ணாத்த. புரிஞ்சி இன்னா பண்றது? அது நிறுத்தினா திருப்பி வுட எங்கிட்ட பட்டன் இல்ல."

இப்போது மாமல்லபுரத்தில் ஆட்டோ ஓட்டுகிறேன். பின்னால் யார் அழுதாலும் ஓரங்கட்டி ஆற அமரக் கேட்கலாம், ஏறுவதற்குத்தான் ஆள் வருவதில்லை.