பச்சை டிக்கை நம்பாதவள்

மாட்டுப்பட்டிப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில் பதினெட்டு வருஷம் கொழுந்து கிள்ளியவள் கற்பகம். கொழுந்து நிறுக்கும்போது தராசு முள்ளையே பார்த்துக்கொண்டு நிற்பாள். கங்காணி தன் பேருக்கு நேரே எழுதி முடிக்கும்வரை நகரமாட்டாள். அதனால் அவளுக்கு ஒரு கிலோகூடக் குறைந்ததில்லை. ஒரு கங்காணியோடும் ஒத்துப்போனதுமில்லை.

இப்போது ஒரு தங்கும் விடுதியில் அறை கூட்டுகிறாள். வெப் பக்கம் செய்யப் படித்துச் சான்றிதழ் கொண்டுவந்தால் முன்பதிவு மேசையில் உட்காரவைப்பதாக மேலாளர் சொன்னார். அதை எழுதி வாங்கிக்கொண்டுதான் நூலகத்து ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் சேர்ந்தாள்.

பாடம் எடுத்தவன் பாண்டீஸ்வரன், எஸ்டேட்டில் பிறந்து மதுரையில் படித்தவன். கம்ப்யூட்டர் இல்லாதவர்களும் போனிலேயே வெப் பக்கக் கோடிங் எழுதிப் பழகட்டும் என்று ஒரு செயலியை அவனே செய்திருந்தான். பொத்தான்கள் தமிழில், தப்பு செய்தால் அதையும் தமிழில் சொல்லும். எழுத எழுத மூலையில் ஒரு பச்சை டிக் விழும்: 'பத்திரம்.'

கற்பகத்துக்கு அந்த டிக்கைத்தான் பிடிக்கவில்லை. கேட்பதற்கு முன்பே பத்திரம் என்று சொல்கிறவர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள்.

'செயலி எளிதாக இருக்கிறது' என்று வகுப்பிலுள்ள எட்டுப் பேரும் கையெழுத்துப் போட்டால்தான் தேர்வு, மேலதிகாரிகள் கேட்கிறார்கள் என்றான் பாண்டீஸ்வரன். ஏழு பேர் போட்டார்கள். அதில் மூன்று பேருக்குச் செயலி புரியவே இல்லை. தம்பி மனசு நோகக் கூடாதே என்று போட்டார்கள்.

"ஏத்தா, பொண்ணா பாக்க வந்திருக்க? போட்டுட்டு வா," என்றாள் பக்கத்திலிருந்த செபமாலையம்மாள்.

கற்பகம் போனில் டேட்டாவை அணைத்தாள். ஒரு வரி எழுதினாள். பச்சை டிக் விழுந்தது. செயலியை மூடித் திறந்தாள். வரியைக் காணோம்.

சிக்னல் இருந்தால் இப்படி ஆகாது என்றான் பாண்டீஸ்வரன்.

"இந்த மலையில சிக்னல் எப்ப தம்பி ஒழுங்கா இருந்துச்சு? எழுதுனத எடுத்து வைக்கலைன்னா வைக்கலைன்னு சொல்லணும். கங்காணியாவது பொய் சொல்றப்ப வேற பக்கம் பாப்பான்."

அவனுக்குக் காது சிவந்தது. கற்பகம் கையெழுத்துப் போடாததால் தேர்வு மூன்று வாரம் தள்ளிப்போனது. ஏழு பேரும் அவளோடு பேசவில்லை. மேசைக்கு வேறு ஆள் பார்ப்பதாக விடுதியில் பேச்சு வேறு. எழுதி வாங்கிய தாளை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டாள்.

பாண்டீஸ்வரன் செயலியைத் திருத்திக் கொண்டுவந்த பிறகே கையெழுத்துப் போட்டாள். தேர்வன்று மழை. பாதியில் சிக்னல் போயிற்று. மூலையில் பச்சை இல்லை. 'இன்னும் அனுப்பவில்லை, போனில் இருக்கிறது' என்று சிவப்பில் வந்தது. மழை விட்டதும் எட்டுப் பேர் எழுதியதும் போய்ச் சேர்ந்தது. செபமாலையம்மாள்தான் முதல் மதிப்பெண்.

கற்பகம் இப்போது மேசையில் இருக்கிறாள். முன்பதிவுப் பக்கம் அந்தச் செயலியில் அவளே செய்தது. செயலிமேல் இன்னுமா நம்பிக்கை வரவில்லை என்று பாண்டீஸ்வரன் ஒருநாள் வந்து கேட்டான்.

"உன்ன நம்புறேன் தம்பி. அதான் தெனம் ஒருவாட்டி டேட்டாவ அணைச்சு, செவப்பு வருதான்னு மட்டும் பாத்துக்கறேன்."